கோயில் மணியும் பள்ளி வேனும்

ஞாயிற்றுக்கிழமை என்றதும் என் காதில் விழுவது இரண்டு சத்தங்கள்: கணபதி என்கிற எங்கள் பகுதியில், தெருமுனைக் கிறிஸ்தவக் கோயிலில் காலை ஏழரை ஆராதனைக்கு அடிக்கும் மணி, அதை அமுக்கிவிடப் பார்ப்பதுபோல வாசலில் நின்று அலறும் பள்ளி வேனின் ஹாரன். நான் பத்தாம் வகுப்புப் படித்த வருடம் ஞாயிறன்றும் 'ஸ்பெஷல் கிளாஸ்' வைத்தார்கள், வராத பிள்ளைக்கு 'ஏ செக்ஷன்' கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஏ செக்ஷன் வேண்டும். அம்மாவுக்கோ நான் கோயிலில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தலைமை ஆசிரியர் அம்மாவை வரவழைத்து, படிப்பைவிட ஜெபம் பெரிதா என்று கேட்டார். அம்மா குரலை உயர்த்தவில்லை. "ஆறு நாள் புள்ளைய உங்ககிட்டத்தானுங்க உட்டிருக்கேன். ஏழாவது நாளையும் கேட்டீங்கன்னா சாமிக்கு என்னத்தைங்க மிச்சம் வெக்கறது?" என்றாள். மறுநாளே என்னை 'சி செக்ஷனுக்கு' மாற்றினார்கள். நான் அழுது தீர்த்தேன், அம்மா அசையவில்லை.

எனக்கு இன்றைக்கும் வாய் கசப்பது தலைமை ஆசிரியரை நினைத்து அல்ல, அவர் தன் பிழைப்பைப் பார்த்தார். எங்கள் சபைச் செயலரை நினைத்துத்தான். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக ஆசரிக்க வேண்டும் என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் உருகும் அதே நேரத்தில், அவருடைய இரண்டு மகன்களும் அந்த வேனில் ஜன்னலோரமாகப் போய்க்கொண்டிருப்பார்கள். கேட்டால், "கர்த்தர் மனசைத்தானுங்க பாக்கறாரு" என்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பழகிக்கொள்ள, கோயிலில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் 'சண்டே ஸ்கூல்' பாயில் கடைசியில் நானும் இரண்டு பொடிசுகளும்தான் மிஞ்சினோம்.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு மட்டும் கோயில் நிரம்பி வழியும், ஏனென்றால் அன்றைக்குப் 'பேனா ஜெபம்'. வருடம் முழுக்கத் தலைகாட்டாத பிள்ளைகள் பவுடர் பூசிக்கொண்டு, ஹால் டிக்கெட்டும் புதுப் பேனாவுமாக வந்து நிற்க, பெற்றோர் பின்னாலிருந்து நெட்டித் தள்ளுவார்கள். ரேஷன் கடை வரிசையில்கூட இதைவிட மானம் மரியாதை உண்டு. செயலர் அம்மாவிடம் வந்து, "அம்மணி, புள்ளையோட பேனாவையும் பீடத்துல வெச்சுருங்க" என்றார்.

"எம்புள்ள வருசம் பூராவும் இங்கதானுங்க இருந்தா. அவ பேனாவ வேற காட்டோணுமுங்களா?" என்று கேட்டுவிட்டு, அம்மா என் பேனாவைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நான் தேறினேன், அவ்வளவுதான். செயலரின் மகன்கள் என்னைவிட நிறையவே மார்க் வாங்கினார்கள், அது அம்மாவை ஒருநாளும் உறுத்தியதில்லை.

இப்போது அந்தச் சண்டே ஸ்கூல் அறையில் செயலரின் மூத்த மகன் நுழைவுத்தேர்வுப் பயிற்சி நடத்துகிறான், அதுவும் ஞாயிறு காலையில். பெற்றோர் வெளியே காரில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, உள்ளே நடக்கும் ஆராதனையைப் போனில் பார்த்துக் கொட்டாவி விடுகிறார்கள். இதற்குப் பெயர் பக்தியாம். மணிச் சத்தம் படிப்பைக் கெடுக்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் அம்மா முட்டிவலியோடு நேராகப் போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள். வகுப்பிலிருந்த பிள்ளைகள் ஜன்னலில் எட்டிப் பார்க்க, செயலரின் மகன் ஓடிவந்து, "பசங்க படிக்கறாங்கம்மா" என்றான்.

"தெரியுங் கண்ணு. அவுங்களைத்தான் கூப்புடறேன்" என்றாள் அம்மா.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது மணி அங்கேயேதான் தொங்கியது, கயிற்றைக் கழற்றியிருந்தார்கள்.