கிணற்றடிக் குறிஞ்சா

சிறுகுறிஞ்சாப் பொடியை நாக்கில் போட்டுக் கசக்கவிட்டு, பிறகு சீனியைத் தின்று பார்த்தால் சீனி மணலாகிவிடும். இனிப்புக் குறைந்த சீனி என்று சொல்ல முடியாது. கடற்கரையில் தடுக்கி விழுந்தவன் வாயில் அகப்படுவது போன்ற அசல் மணல். எண்பதுகளின் இறுதியில் ஒரு பிற்பகல், நாரந்தனையில் எங்கள் வீட்டுக் குசினியில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நான் அந்த மணலைத் தின்றுகொண்டிருந்தேன். நிமிடத்துக்கு ஒரு சிட்டிகை. பன்னிரண்டாவது சிட்டிகையில் என் மனைவி வாசலுக்கு வந்துவிட்டாள்.

"சலரோகம் எனக்கு. சீனி தின்னுறது நீங்களோ?"

நான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் எண்ணிக்கை தவறும். அதோடு, நான் செய்துகொண்டிருந்தது ஒரு மனிதரைப் பொய்யர் என்று நிறுவும் வேலை. அந்த மனிதரை அவள் நம்பினாள்.

அவர் புளியங்கூடல் பரியாரியார். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பதினாறு நிமிடம், எதிர்க்காற்று என்றால் இருபத்தைந்து. நான் இரசாயனம் படிப்பித்தவன்; இருபத்தாறு வருடம். நாட்டு வைத்தியத்தில் எனக்குப் பெரிய பிடிப்பு இருந்ததில்லை. ஆனால் போரில், பாதை திறந்தால் மட்டுமே எங்கள் தீவுக்கு மருந்து வரும் என்று ஆகி, பிறகு பாதை திறந்தாலும் மருந்து வராது என்று ஆனபோது, மனைவியின் சலரோகக் குளிசைப் போத்தல் வெறுமையாகிவிட்டது. பரியாரியார் குறிஞ்சா இலையை நிழலில் உலர்த்தி இடித்துக் கொடுத்தார். காலையும் மாலையும் ஒரு தேக்கரண்டி, சுடுநீரில். நான் பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலிருந்து பெனடிக்ற் கரைசல் கொஞ்சம் கொண்டுவந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவளுடைய சிறுநீரைச் சோதித்தேன். சர்க்கரை நிறைய இருந்தால் கரைசல் செங்கட்டி நிறமாகும். குறையக் குறைய மஞ்சள், பச்சை. இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். ஒன்பது வெள்ளிக்கிழமைகளில் செங்கட்டி பச்சைக்கு இறங்கியது. எனக்கு அவர்மேல் மரியாதை உண்டானது. என் மரியாதை என்பது, சந்தேகத்தை எறியாமல் ஓரமாக வைத்திருப்பது.

அவருக்கு ஒரு முறை இருந்தது. கடற்கரைப் பக்கத்துப் பற்றைகளில் தானாகப் படர்ந்த கொடிகளில்தான் இலை பறிப்பார். பறிப்பதற்கு முதல்நாள் மாலை அந்தக் கொடிக்கு மஞ்சள் நூலால் காப்புக் கட்டி, நாளைக்கு உன்னை எடுக்கப் போகிறேன், பொறுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு வருவார். மறுநாள் வெயில் ஏறுமுன் பறிப்பார். பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்த நூல்கள் என் கண்ணில் படும். ஒருமுறை ஒன்பது எண்ணினேன். "இதென்ன, கொடிக்கு நூல் கட்டினால் மருந்து கூடுமோ?" என்று கேட்டபோது, "காட்டுக் கொடி ஆரின்ரையும் பிள்ளை இல்லை மாஸ்ரர். கேட்டுத்தான் எடுக்கோணும்" என்றார்.

பிறகு கடலில் கடற்படைப் படகுகள் வந்து நிற்கத் தொடங்கின. கரைப் பற்றைக்குள் ஆள் அசைவு தெரிந்தால் சூடு விழுந்தது. மாடு தேடிக்கூட யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. தூரத்து வழியில் நின்று பார்த்தேன். ஒரு மஞ்சள் நூலும் இல்லை. ஆனால் பொடி மட்டும் வழக்கம்போல் பழைய பேப்பரில் சுற்றி வந்துகொண்டிருந்தது. எங்கிருந்து? அந்தச் சமயத்தில்தான் மனைவி அவரிடம் போய்வந்து, "இனி இரண்டு கரண்டியாம்" என்றாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? முப்பது நாள் பொட்டலம் பதினைந்து நாளில் தீரும். நல்ல மருந்து வைத்திருப்பவன் அளந்து கொடுப்பான்; வேறெதையோ இடித்து வைத்திருப்பவன்தான் அள்ளிக் கொடுப்பான். அன்றிலிருந்து பொடி போட்டு வைத்த தகரப் பேணியும் கரண்டியும் என் கைக்கு வந்தன. ஒரு கரண்டி எடுத்து, கத்தியின் முதுகால் மட்டம் தட்டிக் கலக்குவேன்.

"அவர் இரண்டெண்டவர்" என்றாள் மனைவி.

"அவர் சொல்லுவார். நீர் இதைக் குடியும்."

குடித்தாள். அடுத்த வெள்ளி கரைசல் மஞ்சளானது. அதற்கடுத்தது செம்மஞ்சள். ஐந்தாவது வெள்ளி பழைய செங்கட்டி. அதற்குள் அவளுடைய வலது காற் சின்னவிரலில் பனங்கருக்குக் கீறிய புண் ஆறாமல் ஊறிக்கொண்டிருந்தது. நிறம் ஏற ஏறப் பரியாரியார்மேல் என் சந்தேகமும் ஏறியது. என் கையில் இருந்த கரண்டியை நான் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை.

ஆட்கள் வெளிநாடு போய்ப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டு வேலியில் காட்டுக் குறிஞ்சாக் கொடி ஒன்றைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் காணாமல் காய்ந்து, இலையெல்லாம் சிறுத்து, பெருவிரல் நகமளவுக்கு இருந்தது. அவர் செய்வதுபோலவே நிழலில் உலர்த்தி இடித்தேன். இரண்டு பொடியையும் பள்ளிக்கூடத் தராசில் சம எடையாக நிறுத்தேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை, வெவ்வேறு நாளில் நாக்கில் போட்டு, சீனி மீண்டும் இனிக்க எத்தனை நிமிடமாகிறது என்று பார்த்தேன். காட்டு இலைக்குச் சராசரி முப்பத்தெட்டு. அவருடைய பொடிக்குப் பதினெட்டு. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சியை இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. உள்ளறையில் அவள் காலை உயர்த்தி வைத்தபடி படுத்திருந்தாள்.

கணக்கை எழுதிய தாளோடு புளியங்கூடலுக்குப் போனேன். பரியாரியார் கிணற்றடியில் நின்று குரல் கொடுத்தார். போய்ப் பார்த்தால் பந்தல். அதில் இரண்டு வரிசையாகக் குறிஞ்சா, இருபத்துநான்கு கொடி. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குப் பாதி, பளபளவென்று. துலா மிதித்து இறைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கொடியிலும் நூல் இல்லை. ஒளிக்க நினைப்பவர் என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிடுவாரா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. முப்பத்தெட்டையும் பதினெட்டையும் படித்துக் காட்டினேன்.

"சரியாத்தான் எண்ணியிருக்கிறியள்" என்றார். "நானும் வாயிலை போட்டுப் பாத்தனான். பாதிப் பலம்தான். பற்றையிலை நிக்கிற கொடிக்கு ஆடு பகை, புழு பகை, வெயில், உப்புக்காத்து எல்லாம் பகை. கசந்தால்தான் உயிர் தப்பும். இதுக்கு நான் தண்ணி வாக்கிறன், வேலி கட்டிக் காக்கிறன். இது ஏன் மாஸ்ரர் கசக்கோணும்?"

"நூலும் கட்டேல்லை."

சிரித்தார். "வீட்டுப் பிள்ளையிட்டை ஆரும் உத்தரவு கேக்கிறதே?" பிறகு சிரிப்பை நிறுத்தி, "பாதிப் பலமெண்டுதானே இரண்டு கரண்டி போடச் சொல்லிவிட்டனான். இரண்டு போட்டும் வருத்தம் நிக்கேல்லையோ?" என்று கேட்டார்.

அவர் சொன்னது எனக்குத் தெரியாத விஷயமல்ல. சீனியை மணலாக்கும் அமிலங்களைக் கொடி நமக்காகச் செய்வதில்லை. தன்னைத் தின்ன வருவதை விரட்டச் செய்கிறது. நீரும் எருவும் தாராளமாகக் கிடைத்தால் இலை பெருக்கும். அதே எடை இலையில் அமிலம் குறைந்துபோகலாம். எல்லா மூலிகைக்கும் அப்படியென்று சொல்ல முடியாது. பயிரிட்டதில் சத்துக் கூடுவதும் உண்டு. மண்ணும் பறிக்கும் பருவமும் பொறுத்தது. ஆனால் இந்த இலையில் எது எப்படி என்று அவர் நாக்கால் அறிந்து, அளவை இரட்டித்து, அதைச் சொல்லியும் அனுப்பியிருந்தார். நான் ஆறு வாரம் சந்தேகித்து, கடிகாரமும் தராசுமாக அலைந்து அதே பாதியைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

அவர் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஓம்," என்றேன். "இரண்டு போட்டும் நிக்கேல்லை. கால்விரல் புண்ணும் ஆறேல்லை."

அவருடைய முகம் விழுந்துவிட்டது. பந்தலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "அப்ப இனி என்னை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். எப்பிடியாவது யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய் விரலைக் காட்டுங்கோ" என்றார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். அன்று மாலை இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினேன். மனைவி கரண்டி இரண்டாம் முறை பேணிக்குள் போவதைப் பார்த்தாள். வாங்கிக் குடித்தாள். காலம் கடந்திருந்தது. பதினோராம் நாள் பாதை திறந்தபோது கொண்டுபோனோம், சின்னவிரலை எடுத்துவிட்டார்கள். அந்த ஆறு வாரமும் இரண்டாகப் போட்டிருந்தால் விரல் மிஞ்சியிருக்குமா என்று என்னால் நிறுவ முடியாது. மிஞ்சியிராது என்றும் நிறுவ முடியாது.

வீடு வந்த நான்காம் நாள் பரியாரியார் அவளைப் பார்க்க வந்தார். கதிரையில் அமராமல் கட்டிலருகே நின்றார். பந்தலைப் பிரித்து இருபத்துநான்கு கொடியையும் பிடுங்கிவிட்டதாகச் சொன்னார். "கிணத்தடிக் கொடியை நம்பி உம்மை ஏமாத்திப் போட்டன் பிள்ளை. இரண்டு கரண்டியும் போதேல்லை."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய காற்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஓம் பரியாரியார்," என்றாள் அவள். "இரண்டும் போதேல்லை."

அவர் வாசல் கேற்றைச் சாத்திவிட்டுப் போகும்வரை நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. அவர் எங்கள் வீட்டுக்கு வந்தது அதுதான் கடைசி. அவளோடு அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் வாழ்ந்தேன். ஒரு நாளாவது கரண்டிப் பேச்சை எடுப்பாள் என்று காத்திருந்தேன். எடுக்கவில்லை. இப்போது அவளும் இல்லை, பரியாரியாரும் இல்லை.