அட்டைக்கு வைத்த பொட்டு

மூன்று கிழமைக்கு முன், ஒரு சனிக்கிழமை. நாங்கள் குடிவந்த டண்டினொங் ஊரில் அன்றைக்கு எலும்புக்குள் போகிற குளிர். அந்தக் குளிரில் எட்டு வயதுப் பிள்ளை ஒருத்தி என்னை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டாள். என்னை மட்டுமா? எங்கள் பள்ளியைச் சோதிக்க ஊர்க் கவுன்சிலில் இருந்து வந்த அதிகாரி அம்மாவையும்!

எப்படி என்று கேட்பீர்கள். ஆறுதலாகச் சொல்கிறேன். எனக்கு ஓர் அவசரமும் இல்லை.

எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி நடப்பது கவுன்சில் மண்டபத்தில். அங்கே துளசி என்று ஒரு பிள்ளை. கெட்டிக்காரி. ஆனால் சத்தம் கூடினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள். பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால்தான் வகுப்பில் இருப்பாள். அந்த ஆள் நான்தான். படிப்பிக்க எனக்கு என்ன தெரியும்? மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். அவள் எழுதுகிற 'ழ' என்னுடையதைவிட வடிவு. சும்மா பக்கத்துக் கதிரையில் இருப்பேன். என் சேலைத் தலைப்பை ஒரு கையால் சுருட்டிச் சுருட்டி, மறுகையால் எழுதுவாள்.

ஆனால் இந்த நாட்டில் சும்மா இருப்பதற்கும் அட்டை வேண்டும். பிள்ளைகளோடு புழங்குகிறவர்களை விசாரித்துப் பார்த்து, அரசாங்கம் தருகிற அனுமதி அட்டை. என் படமும் போட்டுத் தபாலில் வந்தது. நான் என்ன செய்தேன்? நேரே சாமித்தட்டில் வைத்தேன். பின்னே? ஆயுளில் ஒரு சேர்டிபிக்கேற் வாங்காதவள். 'இவரை நம்பிப் பிள்ளைகளை விடலாம்' என்று அரசாங்கமே எழுதித் தந்தால் சும்மாவா? வெள்ளிக்கு வெள்ளி சந்தனம், குங்குமம். சனிக்கிழமை கழுத்தில்.

நாள் போகப் போக என் முகம் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு வட்டம்தான் மிச்சம்.

இதற்கிடையில் மாலதி ரீச்சர் துளசிக்கு ஒரு பொறுப்புக் கொடுத்திருந்தார். காலையில் ரீச்சரோடு வாசல் மேசையில் இருந்து, வருகிற பெரியவர்களின் அட்டையைப் பார்த்துக் கொப்பியில் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகு அவள் ஓடுவது குறைந்துவிட்டது. அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்த்துத்தான் என்னை ஒவ்வொரு கிழமையும் உள்ளே விடுவாள்.

கவுன்சில் எங்கள் அட்டைகளைப் பார்க்க வரும் சோதனை நாளும் வந்தது. பள்ளித் தலைவர் சிவநேசன் தம்பி கோட்டெல்லாம் போட்டு வந்து என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார்.

"அன்ரி, இதென்ன காட்டா, கோயில் பிரசாதமா?"

"அது வெள்ளிக்கிழமைப் பொட்டு, தம்பி."

"ஐயோ! காட் சரியில்லை எண்டா உங்களைப் பிள்ளையளோட இருக்க விடமாட்டினம். நீங்கள் இல்லாட்டித் துளசி இருக்கமாட்டாள். பிறகு தாய் அவளைப் பள்ளியால நிப்பாட்டிப்போடுவா!"

சொல்லிக்கொண்டே சானிடைசரை ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்தார். குங்குமம் போனது. சந்தனம் போனது. கூடவே நானும் போனேன்! மூக்குக்கண்ணாடியின் ஒரு மூலை மட்டும் மிச்சம்.

"தம்பி, பொட்டுக்குக் கீழை நான் இருந்தனான். இப்ப எங்கை?"

தம்பி கோட்டைச் சரிசெய்தார்.

வாசலில் துளசி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நோ ஃபேஸ்."

"குஞ்சு, நான்தானடி!"

"நோ ஃபேஸ். நோ என்ட்ரி."

அந்த நேரம் பார்த்து அதிகாரி அம்மா வந்தார். தம்பி வடைத்தட்டோடு பாய்ந்து வந்து, "வெல்கம், வெல்கம்! டீ? வடை?" என்று மேசையைத் தாண்டிக் கூட்டிப்போகப் பார்த்தார்.

"கார்ட்?" என்றாள் துளசி.

அந்த அம்மா பையைத் துழாவினார். காரிலே விட்டுவிட்டாராம்.

விதி விதிதான் என்று ரீச்சரும் தலையாட்ட, எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிக் கண்ணாடிக் கதவைச் சாத்தினாள் பிள்ளை. வடை உள்ளே. நாங்கள் வெளியே.

"யூ ஆல்சோ?" என்றேன்.

"மீ ஆல்சோ," என்று அவர் சிரித்தார்.

எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் உண்மையைச் சொல்லிவிட்டேன். "எவ்ரி ஃப்ரைடே... பிரேயர்." அட்டையில் என் பெயரும் நம்பரும் தப்பியிருந்தன. அட்டை செல்லுமா என்று பார்க்க, அவர் போனில் நம்பரைத் தட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துளசி. சுருட்டச் சேலை இல்லாமல் தன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

"ஆல் குட்," என்றார் அதிகாரி அம்மா. ஆனால் புது அட்டை எடுக்க வேண்டும், இனி அதில் ஒன்றும் பூசக்கூடாது. சாமி சத்தியமாகப் பூசமாட்டேன் என்றேன்.

பிறகு அவர் காருக்குப் போய்த் தன் அட்டையைக் கொண்டுவந்து துளசியிடம் காட்டி, கொப்பியில் கையெழுத்தும் வைத்தார். என் பெயர் தெரிந்த போன் திரையையும் நீட்டினார். துளசி எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தாள். 'இந்தப் பள்ளியின் வாசலைத் தாண்டுவது மிகக் கடினம்' என்று அவர் அறிக்கையில் எழுதியதை மாலதி ரீச்சர் பிறகு வாசித்துக் காட்டினார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

பிள்ளைகளுக்கு விதி சொல்லிக் கொடுப்பது என்ன பெரிய காரியம்? அந்த விதி எங்களையே குளிரில் நிறுத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறோம் பாருங்கள்... அதுதான் பெரிய காரியம்.

இந்தக் கிழமை புது அட்டை வந்தது. சாமித்தட்டுப் பக்கமே கொண்டுபோகவில்லை. என் முகம் பளிச்சென்று இருந்தது. பெருமையாக நீட்டினேன். துளசி அட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நாட் யூ."

சிவப்புப் பேனையை எடுத்து, என் முகத்தில் பெரிதாக ஒரு வட்டம் போட்டாள். "நவ் யூ," என்று கதவைத் திறந்துவிட்டாள்.

கவுன்சிலுக்குச் செய்த சத்தியம் சத்தியம்தான். நான் பூசவில்லை!