பிஸ்கட் டின்னுக்குள் ஒரு மாலை

சிங்கப்பூர்க் கல்லூரியில் முதல் வருஷம் முடித்து, நீண்ட விடுமுறைக்குப் பினாங்கு வந்திருந்தேன். வீட்டில் கிடந்து நன்றாகத் தூங்கலாம் என்றுதான் வந்தேன். சூலியா தெரு வாசகசாலையின் காரியதரிசி விடவில்லை.

எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றாத மனிதர். ஒரு கையில் குடை, மறு கையில் பிஸ்கட் டின். டின்னுக்குள் ஒரு சரிகை மாலை இருக்கும். கூட்டம் தொடங்கியதும் அதைத் தலைவர் கழுத்தில் போடுவார். கைதட்டல் ஓய்வதற்குள் கழற்றி மடித்து உள்ளே வைத்துவிடுவார்.

அந்த விடுமுறை முழுக்க அவருக்கு நான்தான் தலைவர். பாகான் டாலாமில் பந்தாட்டக் குழுவுக்கு அறிவுரை சொன்னேன். நான் பந்தைக் காலால் தொட்டதே இல்லை. நிபோங் திபால் தோட்டத்தில் கள்ளை ஒழிக்கச் சொன்னேன். கேட்டவர்கள் பலமாகக் கைதட்டிவிட்டு நேரே கள்ளுக்கடைக்குப் போனார்கள்.

"எனக்கு இதெல்லாம் என்ன அண்ணே தெரியும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தெரிஞ்சவன் விடிய விடியப் பேசுவான் தம்பி. நீங்க சீக்கிரம் உக்காந்துருவீங்கல்ல."

இதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பெட்டியில் கொண்டுவந்த பாடப் புத்தகங்களைப் பிரிக்கவே நேரமில்லை.

திரும்பும் நாளில் அவர் துறைமுகத்தில் டின்னோடு நின்றிருந்தார். வழியனுப்ப வந்திருக்கிறாரே என்று நெகிழ்ந்துபோய், பழக்கதோஷத்தில் கழுத்தை நீட்டினேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க தம்பி," என்றார், டின்னைத் திறந்தபடியே. "நாகப்பட்டினம் கப்பல்ல ஒரு பி.ஏ. இறங்குறாரு."

எனக்கென்றே அளவெடுத்துக் கட்டியதாக நான் நினைத்திருந்த மாலை, அந்த பி.ஏ.வுக்கும் சரியாகத்தான் இருந்தது.