புல்டோசரில் காய்ந்த சேலைகள்

மலேசியாவில், செமோர் பக்கம் பழைய ரப்பர் தோட்டத்தில் என் அக்கா குடியிருந்த லயத்து வீடுகளை, மாற்று வீடு தராமலே இடிக்கப் புல்டோசர் வந்து நின்றது. அறப்போராட்டம் பற்றி அலமாரி நிறையப் படித்த நான், ஒரு சொற்பொழிவோடு போயிருந்தேன்.

“பேச்ச அப்புறம் வச்சுக்கலாம். இத பிடி,” என்று அக்கா துணிக்கூடையை நீட்டினாள்.

பெண்கள் துவைத்த சேலைகளையும் பாவாடைகளையும் புல்டோசர் மேல் காயப்போட்டார்கள். தொடக் கூசிய ஓட்டுநர் கெஞ்சினார்.

“எடுங்கலா அக்கா, வேலை இருக்கு.”

“ஈரமா இருக்கு தம்பி. காஞ்சதும் எடுத்துக்கிறோம்.”

மாலையில் வழக்கமான மழை வந்தது. தூறலுக்கே கொடியைப் பார்த்து ஓடும் பெண்கள், அன்று ஒருவரும் அசையவில்லை. ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்.

சில வாரம் கழித்து, புல்டோசரை அனுப்பிய நிறுவனம் மாற்று வீட்டுக்கு எழுத்தில் ஒப்புக்கொண்டது. அதுவரை தினமும் புல்டோசர் மேல் ஈரத்துணிதான்; என் கைலியும் அங்கேதான் நனைந்தது. சொற்பொழிவு இன்னும் சட்டைப்பையில் இருக்கிறது.