தீட்டுப் பாட்டில்

ஆர்க்கிட் விதையை முதல் தடவை பார்ப்பவர்கள் அதை விதை என்று நம்பமாட்டார்கள். காயைப் பிளந்தால் உள்ளே மஞ்சள் தூசிதான் இருக்கும். பலமாக மூச்சு விட்டால் பறந்துவிடும். மண்ணில் போட்டு முளைக்க வைப்பதெல்லாம் நடக்காது. பாட்டிலில் இனிப்புக் கூழ் காய்ச்சி ஊற்றி, பூஞ்சை நுழையாமல் விதையை அதன்மேல் விட்டு மூடிவைக்க வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் என் கணவர். காலேஜில் தாவர சாஸ்திரம் நடத்திக்கொண்டிருந்தார். சொல்வது அவர், செய்வது நான். அவருக்கு எதிலும் அவசரம். என் கை நிதானமானது.

மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. அவர், நான், என் மாமியார், அவ்வளவுதான். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எனக்குக் குழந்தையில்லை. மாமியார் தன் பிள்ளைக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைக்கப் பெண் தேடிக்கொண்டிருந்தாள். ஒளிவுமறைவெல்லாம் கிடையாது. ஜாதகங்களைக் கூடத்தில் பரப்பிக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை எடுத்துவா என்று என்னைத்தான் ஏவுவாள். அப்போது அதைத் தடுக்கச் சட்டமும் இல்லை. தடுக்கக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

"அம்மா சொல்லிண்டே இருப்பா. நான் தலையாட்டினாத்தானே?" என்பார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வீட்டில் நான் சாப்பிட்டேன், தூங்கினேன்.

கூழ் இறுகுவதற்குக் கடல்பாசி வேண்டும். ஜாம்பஜாரில் ஒரு பாய் கடையில் நோன்பு மாதத்துக்காக வாங்கி வைத்திருப்பார்கள்.

"இன்னாம்மா, ஐயரூட்ல கடப்பாசி? நோம்பு புடிக்கிறீங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"வருஷக்கணக்காப் பிடிச்சிண்டிருக்கேன்," என்றேன். அவர் சிரித்துவிட்டு ஒரு பிடி கூடவே போட்டார்.

யுத்த காலம். சர்க்கரை ரேஷனில் வந்தது. காப்பிக்கு வெல்லம், பாட்டிலுக்குச் சர்க்கரையா என்று மாமியார் தினமும் ஒரு பாட்டம் பாடுவாள். ஆனால் நான் விதை போடும் முறையில் மட்டும் அவளால் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. தலைக்குக் குளித்து, மடிப்புடவை கட்டிக்கொண்டு, அடுப்பில் அண்டா நிறையத் தண்ணீரைக் கொதிக்க விடுவேன். எழும்புகிற ஆவிக்குள் பாட்டிலைப் பிடித்து, பஞ்சடைப்பை எடுத்து, பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கழுவிய விதையைச் சொட்டாக விட்டு உடனே மூடவேண்டும். ஆவி மேலே போகிறவரை காற்றில் இருக்கிற பூஞ்சை கீழே இறங்காது. விரல் வெந்து தோல் உரியும். "மடியாத்தான் பண்றா," என்பாள். அவள் என்னைப் புகழ்ந்தது அது ஒன்றுக்குத்தான்.

முதலில் போட்டதெல்லாம் பூஞ்சை பிடித்து வீணாகப் போயிற்று. பிறகு ஒரு தடவை நிலைத்தது. அடையாற்றில் ஒரு துரை, யுத்தத்துக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன செடியின் காய் அது. மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஒரு காலையில் கூழின்மேல் பச்சையாகக் கசகசா தூவினாற்போல் இருந்தது. அவர் பாட்டிலை ஜன்னலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு குழந்தைபோலச் சிரித்தார். அலமாரியின் மேல்தட்டு முழுக்க அந்தப் பாட்டில்கள்தான்.

"பாட்டிலுக்கெல்லாம் பொறக்கறது. நோக்குத்தான் துப்பில்லை," என்றாள் மாமியார்.

அவர் காதில் அது விழுந்தது. பாட்டிலைத் துடைத்துத் தட்டில் திருப்பி வைத்தார். அதைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது புத்தி அவ்வளவுதான்.

அந்த மாதம் பௌர்ணமியன்று சந்திர கிரகணம். முதல்நாள் காலையில் ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்குத் தூரமாகிவிட்டது தெரிந்தது. மூன்று நாள் கொல்லை அறையில்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது.

"இந்த மாசமும் ஆச்சா?" என்றாள் மாமியார். "தொட்டதைக் கையோட எடுத்துண்டு போ. தீட்டுப் பட்டதை இங்க வெக்காதே."

பாட்டிலோடு கொல்லைக்குப் போனேன்.

எங்கள் வீடுகளில் கிரகணம் பிடிக்குமுன் சாப்பிடுகிற பண்டத்திலெல்லாம் தர்ப்பையைக் கிள்ளிப் போடுவார்கள். ஊறுகாய் ஜாடி, மோர், நெய் எதுவும் தப்பாது. போடாவிட்டால் தோஷம் பட்டுவிடும், வாயில் வைக்கக்கூடாது. மறுநாள் மத்தியானம் மாமியார் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வருவது கொல்லை ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. அலமாரி அருகே வந்து நின்றாள்.

"ஏன்டா, அதுல சர்க்கரை இருக்கோல்லியோ? திங்கற வஸ்துதானே. நேக்கு எட்டலை. ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டு போடு."

"பஞ்சைத் திறக்கப்படாதும்மா," என்றார் அவர்.

"தோஷத்தையெல்லாம் ஆத்துக்குள்ள வெச்சுண்டுதான் வம்சம் இந்த லட்சணத்துல நிக்கறது."

முக்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏன்னா, திறக்காதீங்கோ. பாட்டில் மேல வெச்சாப் போறும்," என்று கத்தினேன்.

"சும்மா இரேன்டீ. ஒரு துண்டுதானே," என்றார்.

ஆவியில்லாமல் ஒரு நொடிகூடத் திறக்கக்கூடாது என்று எனக்குப் பாடம் நடத்தியவர். காற்றில் என்னென்ன மிதக்கிறது என்று காலேஜில் பையன்களுக்குப் படம் போட்டுக் காட்டியவர். நான் உள்ளே ஓடியிருந்தால் வீடு முழுவதும் தீட்டு. அதனால் அங்கேயே நின்று, ஒவ்வொரு பாட்டிலாக அவர் தட்டில் திருப்பி வைக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

குளித்துவிட்டு நான் உள்ளே போனபோது பாட்டில்களுக்குள் வெள்ளையாகப் பூஞ்சை படர ஆரம்பித்திருந்தது. சில நாளில் அது கறுத்தது. ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு தர்ப்பைத் துண்டு. என் முகத்தைப் பார்க்காமல், "அடுத்த காய் வரட்டும்," என்றார். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தே பாட்டிலைத் திறந்தவர் ஜாதகத்துக்கும் தலையாட்டுவார்.

ஆட்டினார். "அம்மா சாப்பிடமாட்டேங்கறா. நான் என்ன பண்ணட்டும்?" என்று என்னிடமே வந்து கேட்டார்.

"மூணு முடிச்சுதானே. போடுங்கோ," என்றேன்.

மாம்பலத்தில் இருந்த அண்ணா வீட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டியும் அந்தத் தீட்டுப் பாட்டிலுமாகப் போய்ச் சேர்ந்தேன். கொல்லை அறையில் கிடந்ததால் அதற்கு யாரும் தர்ப்பை போடவில்லை. அதில் ஒரு பூஞ்சைகூட இல்லை. நாற்று விரல் நீளம் வந்ததும் வெளியே எடுத்துச் செங்கல் தூளிலும் தேங்காய் நாரிலும் வைத்தேன். பலது செத்தது. ஒன்று நின்றது. அதற்கு நான் சோறு ஊட்டாத குறைதான்.

பிறகு யுத்தம் முடிந்தது, வெள்ளைக்காரனும் போனான். இரண்டாவதாக வந்தவளுக்கும் குழந்தை பிறக்கவில்லை. மாமியார் இப்போது அவளைப் பிடித்துக்கொண்டாள் என்று கேள்விப்பட்டபோது சந்தோஷப்பட்டேன். அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டிருக்கலாம். தோன்றவில்லை.

செடி பூத்தது. நீண்ட தண்டில் வரிசையாக ஊதாப் பூக்கள். எப்படியோ காதில் விழுந்து அவர் வந்துவிட்டார். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. கொல்லையில் செடிமுன் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது.

"நம்ம செடி," என்றார். "பக்கத்துல ஒரு கன்னு விட்டிருக்கே. அதைக் குடேன். நான் வேறொண்ணும் கேக்கலை. ஆத்துல எனக்குப் பாத்துண்டிருக்க ஒண்ணுமேயில்லை."

"இது தீட்டுச் செடி. உங்காத்துக்குள்ள விடமாட்டா," என்றேன்.

நான் சமையலறையிலிருந்து அரிவாள்மணையைக் கொண்டுவந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூத்தண்டை அறுத்தேன். இரண்டு மாதம் வாடாமல் இருந்திருக்கும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். கொல்லையில் கட்டியிருந்த அண்ணாவின் பசுவுக்குப் போட்டேன், ஒரே வாயில் தின்றது. செடியின் கன்றைப் பிய்த்து அதையும் போட்டேன்.

அவர் போன பிறகு எனக்கு நல்ல பசி. மன்னியிடம் ரசம் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.