மாஃபி என்றால் மாப்பு இல்லை

இந்த ஊரில் எதைக் கேட்டாலும் ‘மாஃபி’ என்கிறார்கள். வந்த புதிதில் தெருமுனைக் கடையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கிடைக்குமா என்று, விரலால் ஓடு உடைப்பதுபோல் நடித்துக் காட்டிக் கேட்டேன். கடைக்காரர் “மாஃபி” என்றார். தண்ணீர் வண்டி வந்ததா? மாஃபி. சம்பளம்? அதற்கும் மாஃபி. ஒரு பிடி மல்லாட்டை இல்லாததற்கு மாப்புக் கேட்கிறார்களே, எவ்வளவு மரியாதை தெரிந்த சனங்கள் என்று நெகிழ்ந்துபோனேன். திண்டிவனத்தில் பிறந்தவனுக்கு மாப்பு என்றால் மன்னிப்புதானே. அரபியில் அது ‘இல்லை’ என்று கம்பெனி அறையில் என் பக்கத்துக் கட்டில்காரர்தான் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டுச் சொல்லிக்கொடுத்தார்.

அவரை ஒரு நாள் காணவில்லை. எய்ட்ஸ் என்ற பெயர் வானொலியில் அடிபடத் தொடங்கியிருந்த சமயம் அது. வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் முதலில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். அவர் முறை வந்தது, கொடுத்தார். சில நாளில் கம்பெனி வண்டி வந்து அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. விமானத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். காரணம் கேட்டவர்களுக்கு மாஃபிதான் பதில். அவருடைய மெத்தையை வெளியே போட்டுக் கொளுத்தினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற என் கை தாடையைத் தடவியது. அவரும் நானும் ஒரே சவரக் கத்தியில் முகம் மழித்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பயத்தோடுதான் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். நான் கிளம்பி வந்த பிறகு பிறந்த மகள் அப்போது தத்தித் தத்தி நடக்கப் பழகியிருந்தாள். என் மனைவி சபீரா “அத்தாகிட்ட போம்மா” என்று அவளை இறக்கிவிட்டாள். குழந்தை இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தது. நான் பின்னால் நகர்ந்தேன். “சளி புடிச்சிருக்கு, ஒட்டிக்கும்” என்றேன். விடுமுறை முழுக்க அந்தச் சளி போகவே இல்லை. தனிப் பாய், தனித் தட்டு. சபீரா ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

திண்டிவனம் பஸ் நிலையத்து டீக்கடையில் தினமும் இதே பேச்சு. “பிளேன்ல வர்றவனையெல்லாம் மெட்ராசுலயே புடிச்சி அடைச்சி வெக்கணும்பா. கவர்மெண்டு இன்னா பண்ணிக்கினு இருக்குது?” என்பார் ஒருவர். “அட, அந்த ஊசியிலதான் வியாதியே கீது. ரத்தம் எடுத்து எடுத்து அவங்களே பரப்புறாங்க” என்பார் இன்னொருவர். நான் சென்ட் வாசனையும் வெளிநாட்டுச் சட்டையுமாக நடுவில் உட்கார்ந்து டீ குடிப்பேன். முதலாமவர் சொல்வது நடந்தாலும் எனக்கு ஆபத்து, இரண்டாமவர் சொல்வது உண்மையானாலும் ஆபத்து. கிளாசைத் திருப்பிக் கொடுத்தால் கடைக்காரர் அதை வெந்நீரில் இரண்டு முறை அலசுவார். எல்லோருடையதையும் அப்படித்தான் அலசினாரோ என்னவோ, எனக்குத் தெரியாது.

பொறுக்க முடியாமல், யாருக்கும் சொல்லாமல் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். தெரிந்த முகம் எதுவும் இல்லாத ஒரு ரத்தப் பரிசோதனைக் கடையாகப் பார்த்து நுழைந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“அந்த டெஸ்ட்டு இங்க ஏதுங்க? மெட்ராசுக்குத்தான் அனுப்பணும்” என்றார் அங்கிருந்தவர். “பாஸ்போர்ட் எடுத்துக்கினு வந்தீங்களா?”

“பாஸ்போர்ட் எதுக்குங்க?”

“ஏதாச்சும்னா மேல சொல்லணும்ல.”

மேலே என்றால் யார்? போலீசா, ஏஜெண்டா, ஜமாத்தா? கேட்கத் துணிவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஊரைவிட்டுக் கிளம்பும் நாளில் சபீரா கேட்டேவிட்டாள். “நெசமாலும் சளிதானாங்க?” சவரக் கத்தியைப் பற்றிச் சொன்னேன். அவள் குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். “அங்க போனதும் ரத்தம் எடுப்பாங்க. முடிவு வர்ற வாரம் வெள்ளிக்கெழம எதிர்வீட்டுக்குப் போன் பண்றேன்” என்றேன்.

இங்கே ரத்தம் எடுத்துவிட்டார்கள். முடிவு சொல்லும் நாளில் ஆஸ்பத்திரி ஜன்னலுக்குள் இருந்தவர் தாளைப் பார்த்துவிட்டு “மாஃபி” என்றார். இரண்டு வருடமாகத் தினமும் கேட்ட சொல். ஆனால் அந்த நொடியில் என் காதில் திண்டிவனத்து மாப்புதான் விழுந்தது. கைவிட்ட நோயாளியிடம் டாக்டர் கேட்பதுபோல் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் எரிச்சலோடு, “மாஃபி, மாஃபி, யெல்லா!” என்று கையை உதறினார். ஒன்றுமில்லை, கிளம்பு. அப்போதுதான் உறைத்தது. அங்கேயே வாய்விட்டு அழுதேன்.

வெள்ளிக்கிழமை தொலைபேசிக் கூண்டு வரிசையில் நெடுநேரம் நின்ற பிறகு இணைப்புக் கிடைத்தது. இரைச்சலுக்கு நடுவே சபீராவின் குரல் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. “மாஃபி சபீரா, மாஃபி!” என்று கத்தினேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். “எதுக்குங்க மாப்புக் கேக்குறீங்க? அப்போ வந்துடுச்சா?”

நான் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துபோனது.

மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றேன். அங்கே அவள் எதிர்வீட்டுக் கூடத்தில் குழந்தையோடு நிற்பாள். இந்தமுறை தப்பக் கூடாது என்று ‘இல்லை, இல்லை’ என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். எனக்கு முன்னால் நின்ற உள்ளூர்க்காரர் சிகரெட்டை உதட்டில் வைத்தபடி திரும்பி, தீப்பெட்டி இருக்கிறதா என்று சைகையோடு அரபியில் கேட்டார்.

“இல்லை” என்றேன், தமிழில். அவருக்குப் புரியவில்லை.