முருகன் படத்துக்குப் பக்கத்தில் என் சான்றிதழ்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு எலெக்ட்ரிக்கல் கடையில் பதினோரு வருடம் வயரிங் வேலை செய்தேன். நாள் கூலி. எங்கள் தொழிலில் கைவேலை எவ்வளவு சுத்தம் என்று பார்த்து யாரும் சம்பளம் போடுவதில்லை. வயர்மேன் சான்றிதழ் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். அது இருப்பவன்தான் புது மின் இணைப்புக்கான மீட்டர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடலாம். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தொலைத்துப் படித்துப் பாஸ் செய்தேன்.

அங்கேதான் புத்தி கெட்டுப்போனது. கடையில் ஒரு வெள்ளிக்கிழமை பூஜையில் சான்றிதழை முதலாளி கையில் கொடுத்தேன். அடுத்த வாரம் அதற்குக் கண்ணாடி பிரேம் போட்டு, குங்குமம் வைத்து, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கக்கேடு. அதன்பிறகு கடை எடுத்த வேலைக்கெல்லாம் என் கையெழுத்து. கூலி மட்டும் அதே கூலி. உயர்த்திக் கேட்டால், நீ எங்கள் குடும்பத்துப் பிள்ளையாயிற்றே என்பார். அந்தப் பாசத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட.

போர்ட் கிள்ளானில் ஒரு கிடங்குக்கு வயர்மேன் தேவைப்பட்டது. மாதச் சம்பளம், என் கூலியைப்போல ஒன்றரை மடங்கு. திங்கட்கிழமை அசல் சான்றிதழோடு வரச் சொன்னார்கள். முதலாளியிடம் கேட்டால், சாமி பக்கத்தில் இருப்பதை வெள்ளிக்கிழமைக்கு முன் கழற்றக்கூடாதாம். சனிக்கிழமை அவர் சாப்பிடப் போன நேரம், ஸ்டூல் போட்டு ஏறி நானே பிரேமோடு கழற்றிக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை கிடங்குக்குப் போனேன். மேலாளர் ஒரு தமிழ்ப் பெண். பிரேமைப் பிரித்துத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அங்கிள், இது கலர் போட்டோஸ்டாட் லா. ஒரிஜினல் எங்க?"

அதே வேலைக்கு வந்து அடுத்த நாற்காலியில் இருந்தவர் தன் அசலை நீட்டினார். வேலை அவருக்குப் போனது.

நேராகக் கடைக்குப் போனேன். முதலாளி எழுந்திருக்கவே இல்லை. மேசை டிராயரைத் தட்டிக் காட்டினார்.

"ஒரிஜினல் இங்க பத்திரமா இருக்கு. நீ ஓடிடுவேன்னு எனக்கு அப்பவே தெரியும் தம்பி."

சொல்லிவிட்டு, பண்டமாரானில் ஒரு வீட்டுக்கான மீட்டர் விண்ணப்பத்தை என் முன்னால் தள்ளினார். அசல் மேசைக்கு வராமல் பேனாவைத் தொடமாட்டேன் என்றேன். மூன்று நாள் இழுத்தார். நான்காம் நாள் அந்த வீட்டின் சொந்தக்காரர் வந்து கத்தியதும் டிராயர் திறந்தது. அந்த மனுஷனுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் தாளை எடுத்துக்கொண்டு வெளியேறினேன்.

போன மாதம் அந்தக் கடை வழியாகப் போனேன். முருகன் படத்துக்குப் பக்கத்தில் வேறு ஒருவனுடைய சான்றிதழ், புதுக் குங்குமத்தோடு. அதுவும் போட்டோஸ்டாட்டாகத்தான் இருக்கும்.